தார் முடிந்த பிறகும் ஓடும் வண்டி

பாதையின் குறுக்கே பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கல். பைக்கின் முன்சக்கரம் அதில் முட்டி, ஏறி, மறுபக்கம் இறங்கியாக வேண்டும். நகரத்து பைக்குகளில் பரவலாக இருப்பது 17 அங்குலச் சக்கரம். டயரையும் சேர்த்தால் அதன் ஆரம் ஏறக்குறைய 29 சென்டிமீட்டர். தாரிலும் மண்பாதையிலும் நீண்ட தூரம் போவதற்கான அட்வென்ச்சர் டூரிங் பைக்குகளில் பலவற்றுக்கு முன்சக்கரம் 21 அங்குலம். ஆரம் 35 சென்டிமீட்டரை ஒட்டி வரும். பள்ளி இயற்பியலில் வரும் திருப்புத்திறன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரிய சக்கரத்தைக் கல்லின் மேல் ஏற்ற, அதன் மேல் விழும் சுமைக்குக் கிட்டத்தட்டச் சமமான கிடைமட்ட விசை போதும். சின்னச் சக்கரம் அதைவிட ஆறில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்கும். நிஜத்தில் டயர் அமுங்கும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உள்ளே போகும், வேகமும் கைகொடுக்கும். ஆனாலும் அந்தக் கூடுதல் விசை ஒவ்வொரு கல்லிலும் ஹேண்டில்பார் வழியாக ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கு வந்து சேரும். ஒரு நாளில் ஆயிரம் கல் என்றால் மாலையில் கை என்ன சொல்லும் என்று ஊகிக்கலாம்.

அப்படியானால் எல்லா பைக்குக்கும் 21 அங்குலமே போட்டுவிடலாமே? முடியாது. பெரிய சக்கரத்தின் நிறை அச்சிலிருந்து தூரத்தில் சுழல்கிறது. சுழலும் பொருள் தன் அச்சின் திசையை மாற்றிக்கொள்ளத் தயங்கும். தூரம் கூடக்கூட அந்தத் தயக்கமும் கூடும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் வண்டியை இடமிருந்து வலமாகச் சாய்க்கும்போது அது தெரியும். அதனால்தான் தார்ச்சாலையில் அதிக நேரம் ஓடப்போகும் பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ், முன்னால் 19 அங்குலச் சக்கரத்தோடு வருகிறது. கரடுமுரடுக்கு முதலிடம் தரும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 முன்னால் 21 அங்குலமும் பின்னால் 17 அங்குலமும் கொண்டது. இந்த வகை பைக்கில் எந்த எண்ணை எடுத்தாலும் தாருக்கும் கல்லுக்கும் இடையில் இப்படியொரு பேரம் நடந்திருக்கும். எஞ்சின் எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் எடை எவ்வளவு, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

பாரிஸ் நகரிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடந்து செனகலின் டக்கார் வரை சென்ற பந்தயம் 1979இல் முதன்முறையாக முடிந்தபோது, வென்றது யமஹாவின் ஒற்றை சிலிண்டர் எக்ஸ்டி 500. மறு ஆண்டு பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் சந்தைக்கு வந்தது. சுமார் 800 சிசி எஞ்சின், பின்சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கும் ஸ்விங் ஆர்ம், முன்னால் 21 அங்குலச் சக்கரம். மண்பாதையில் ஓடும் பைக் இலேசாக இருக்க வேண்டும், நீண்ட பயணத்துக்கான பைக் கனமாகத்தான் இருக்கும் என்று தனித்தனியாகப் பிரிந்திருந்த இரண்டு வகைகளை அது ஒரே வண்டிக்குள் கொண்டுவந்தது. 1981இல் ஊபேர் ஓரியோல் பிஎம்டபிள்யூவில் டக்கார் பந்தயத்தை வென்ற பிறகு, உலகின் பெரிய பைக் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின.

நம் ஊர்ச் சாலைகளில் இந்த வகையைப் பரவலாக்கியது 2016இல் வந்த ஹிமாலயன். சென்னையை அடுத்த ஆலைகளில் பைக்குகளைத் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு, அதற்காகவே 411 சிசி எஞ்சின் ஒன்றை உருவாக்கியது. சிலிண்டரின் விட்டம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 86. நெடிய நகர்வு கொண்ட இத்தகைய எஞ்சின்கள் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவிசை தரும். கல்லும் சேறும் நிறைந்த ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்து போகலாம். ஆனால் திறன் 24 குதிரைத்திறன்தான். சமவெளியில் அது ஒரு குறையாகத் தெரியாது. மலையில்தான் தெரியும்.

லடாக்கின் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. எஞ்சின் ஒவ்வொரு முறை காற்றை உள்ளிழுக்கும்போதும் பாதிக்குச் சற்று மேலான ஆக்சிஜன்தான் கிடைக்கும். 2016இல் வந்த முதல் ஹிமாலயனில் கார்புரேட்டர் இருந்தது. காற்று மெலிந்ததை கார்புரேட்டர் சரியாக உணராது. பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். கலவை செறிந்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து, வண்டி திணறும். மறு ஆண்டே எரிபொருள் இஞ்செக்‌ஷன் வந்தது. உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்க, அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் கணினி பீய்ச்சும். திணறல் போனது. ஆனால் இல்லாத ஆக்சிஜனை எந்தக் கணினியும் கொண்டுவர முடியாது. கணவாயின் உச்சியில் அந்த 24 குதிரைத்திறனில் 13 அல்லது 14தான் மிஞ்சும். இரண்டு பேர், மூட்டைகள், ஏற்றம் என்று எல்லாவற்றையும் அதைக் கொண்டே சமாளிக்க வேண்டும்.

2023 நவம்பரில் அறிமுகமான ஹிமாலயன் 450இன் எஞ்சினை இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் புரியும். சிலிண்டரின் விட்டம் 84 மில்லிமீட்டர், பிஸ்டனின் நகர்வு 81.5, கொள்ளளவு 452 சிசி. நகர்வு சுருங்கியதால் பிஸ்டனின் வேகம் கட்டுக்குள் இருக்கிறது, எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழலலாம். விட்டம் கூடியதால் பெரிய வால்வுகளுக்கு இடம் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் 40 குதிரைத்திறன், 5,500 சுற்றில் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கர்துங் லாவில் இதிலும் பாதியைவிடக் கொஞ்சம்தான் மிஞ்சும் என்றாலும், அது பழைய வண்டி சென்னையில் கொடுத்ததைக் கிட்டத்தட்ட எட்டிவிடும். பழைய எஞ்சினின் நிதானமான இழுவையை விரும்பியவர்களுக்கு இதில் ஒரு இழப்பு உண்டு. புதியதைக் கொஞ்சம் முறுக்கி ஓட்ட வேண்டும். மெலிந்த காற்றுக்காகக் கொடுத்த அந்த விலை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

குளிர்விப்பும் மாறியது. காற்றால் மட்டும் குளிரும் எஞ்சினுக்கு வேகம்தான் மூச்சு. மண்சரிந்த ஏற்றத்தில் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஊர்ந்தால் துடுப்புகளின் மேல் வீச காற்றே இல்லை. மேலே போகப்போக இருக்கிற காற்றும் மெலிந்து வெப்பத்தைக் குறைவாகவே எடுத்துச் செல்லும். அதனால் 450இல் ரேடியேட்டரும் விசிறியும் வந்தன. இங்கே ஓர் அழகான சிக்கல் உண்டு. கர்துங் லாவின் அழுத்தத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 82, 83 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எஞ்சினின் வழக்கமான இயங்கு வெப்பமே அதற்கு மேல். பிறகு எப்படி அது கொதித்துப் பொங்காமல் ஓடுகிறது? ரேடியேட்டரின் மூடிதான் காரணம். உள்ளே அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும் வரை அது திறக்காது. குக்கர் போல உள்ளழுத்தத்தைக் காத்து, கொதிநிலையை மேலே தள்ளி வைக்கிறது. திரவத்தில் கலந்திருக்கும் கிளைக்கால் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. விலை மலிவான அந்த மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்துபோனால் மலையில் மொத்த எஞ்சினும் ஆபத்தில் விழும். பயணத்துக்கு முன் பெட்டி பூட்டும் கவனத்தில் பாதியை அதற்கும் கொடுங்கள்.

இனி சஸ்பென்ஷன். ஹிமாலயன் 450இல் முன்னும் பின்னும் சக்கரம் 200 மில்லிமீட்டர் மேலும் கீழும் நகரலாம். இவ்வளவும் மேடுகளுக்காகத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததுமே அதில் கால்பங்குக்கு மேல் அமுங்கிவிட வேண்டும். பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட்டபடி இருக்க அந்த இருப்பு தேவை. தரையை விட்ட சக்கரத்தால் திருப்பவும் முடியாது, பிரேக் பிடிக்கவும் முடியாது. மூட்டையும் பின்னிருக்கைக்காரரும் ஏறினால் பின்பக்கம் அதிகமாக அமுங்கி, ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும். முன்சக்கரத்தின் பிடி குறையும். ஸ்பிரிங்கின் முன்னிறுக்கத்தை மாற்றிக்கொள்ள ஓர் அமைப்பு பின்னால் இருப்பது இதற்காகத்தான். நம்மில் பெரும்பாலோர் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை. ஒருமுறை மெக்கானிக்கிடம் சொல்லிச் சரிசெய்து பாருங்கள், வேறு வண்டி ஓட்டுவது போலிருக்கும்.

450இல் முன் ஃபோர்க் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும்; தடித்த குழாய் மேலே, மெல்லியது கீழே. சக்கரம் கல்லில் இடிக்கும்போது ஃபோர்க்கை வளைக்கும் விசை உச்சம் பெறுவது மேலே, ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள பிடிப்பில். அங்கே தடித்த குழாய் இருந்தால் வளைவு குறையும்.

கரடான இடத்தில் ஓட்டுபவர் ஃபுட்ரெஸ்ட்டின் மேல் எழுந்து நிற்பது ஏன்? ஈர்ப்பு மையம் தாழ்கிறது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. அது தவறு, எழுந்து நின்றால் உடலின் மையம் உயரத்தான் செய்யும். நடப்பது வேறு. உட்கார்ந்திருக்கும்போது உடலும் வண்டியும் ஒரே திணிவு. வண்டி துள்ளினால் 70 கிலோ உடலும் சேர்ந்து துள்ளும். முழங்காலை லேசாக மடக்கி நின்றால் கால்களே இன்னொரு ஸ்பிரிங்காகின்றன. வண்டி கீழே ஆடும், உடல் ஏறக்குறைய நேராகப் போகும். ஃபுட்ரெஸ்ட், டேங்கின் இடுக்கு, ஹேண்டில்பாரின் உயரம் மூன்றும் நின்று ஓட்டுபவரின் உடலை அளந்து வைக்கப்படுகின்றன.

பிரேக்கில் மலைப்பாதைக்கு ஒரு தனி நியாயம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், தாரில் உயிர் காக்கும். சரளையில், பூட்டிக்கொண்ட சக்கரம் முன்னால் கற்களைக் குவித்து அந்தக் குவியலிலேயே முட்டி நிற்கும். ஏபிஎஸ் அதை நடக்க விடாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பதால் நிற்கும் தூரம் கூடும். எனவே பின்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ்ஸை அணைத்துக்கொள்ள வசதி தரப்படுகிறது. முன்சக்கரத்துக்குப் பெரும்பாலும் தருவதில்லை; பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் பூட்டினால் அநேகமாக விழுவதுதான்.

விலை கூடிய பைக்குகளில் ஏபிஎஸ் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஒரு டயரின் பிடிக்கு எல்லை உண்டு. அதைத் திரும்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் பங்கிட வேண்டும். 45 டிகிரி சாய்ந்து வளைவில் போகும் பைக்கின் டயர், வண்டியின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பிரேக்குக்கு மிஞ்சும் பிடி மிகக் கொஞ்சம். மூன்று திசை முடுக்கங்களையும் மூன்று அச்சுச் சுழற்சிகளையும் அளக்கும் ஒரு சில்லு, வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று நொடிக்குப் பலமுறை கணக்கிட்டு, பிரேக் அழுத்தத்தை அதற்குள் அடக்குகிறது. போஷ் நிறுவனத்தின் இந்தத் தொழில்நுட்பம் முதலில் வந்த பைக்குகளில் ஒன்று கேடிஎம் 1190 அட்வென்ச்சர். ஹிமாலயன் 450இல் இது இல்லை. திரையில் வரைபடம் காட்டும் வசதியைவிட இதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன்.

இப்போது எடை. ஹிமாலயன் 450 எரிபொருளோடு 196 கிலோ. பழையதைவிட மூன்று கிலோ குறைவு, திறனோ மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கூடுதல். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்திலும் ஹேண்டில்பார் 110இலும் இருப்பதாகக் கொள்வோம். நின்ற வண்டி 10 டிகிரி சாய்ந்தால் ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பவர் தாங்க வேண்டியது சுமார் 17 கிலோ. 20 டிகிரியில் 33. 30 டிகிரியில் 49 கிலோ. அதற்குள் பெரும்பாலோர் கையை விட்டிருப்பார்கள். அட்வென்ச்சர் பைக்குகள் அதிகம் விழுவது வேகத்தில் அல்ல, ஏற்றத்தில் நின்று திரும்பும்போது, கால் வைத்த இடத்தில் பள்ளம் இருக்கும்போதுதான். இருக்கை உயரமான 825 மில்லிமீட்டரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. இருக்கையின் முன்பகுதி எவ்வளவு குறுகல் என்பதும் கால் தரையைத் தொடுவதைத் தீர்மானிக்கிறது. 237 கிலோ எடையுள்ள ஆர் 1300 ஜிஎஸ்ஸுக்கு, வண்டி நிற்கும்போது தானாகவே 30 மில்லிமீட்டர் தாழ்ந்துகொள்ளும் சஸ்பென்ஷனைக் கூடுதல் வசதியாகத் தருவதும் இந்தப் பயத்துக்குப் பதிலாகத்தான்.

எடையில் பெட்ரோலும் அடங்கும். மணாலியிலிருந்து லே போகும் வழியில் தாண்டி என்ற ஊரில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டரில் என்ற அறிவிப்புப் பலகை பல ஆண்டுகள் பயணிகளை எச்சரித்தது. ஹிமாலயன் 450இன் டேங்க் 17 லிட்டர். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று குறைத்து வைத்தாலும் 425 வரும். ஆனால் 17 லிட்டர் என்பது பன்னிரண்டரைக் கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். கேடிஎம் 790 அட்வென்ச்சர் தன் 20 லிட்டர் டேங்கை எஞ்சினின் இரு பக்கமும் தொங்கவிட்டது பார்வைக்கு விசித்திரம்; இயற்பியலில் மிகச் சரியான முடிவு.

2023இல் இத்தாலியின் மிலான் நகரில் ஹிமாலயனின் மின்சார முன்மாதிரி ஒன்றை ராயல் என்ஃபீல்டு காட்டியது. மின்மோட்டாருக்கு ஆக்சிஜன் தேவையில்லை. கர்துங் லாவிலும் சென்னையிலும் ஒரே இழுவை. ஆனால் அந்தப் பன்னிரண்டரைக் கிலோ பெட்ரோலில் சுமார் 150 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் கால்பங்கைத்தான் பயனாக்குகிறது என்றாலும் 37 தேறும். அதே அளவைச் சேமிக்க இன்றைய பேட்டரித் தொகுப்பு ஒன்று 200 கிலோவைத் தாண்டும். இறக்கங்களில் மோட்டார் திருப்பிச் சேமிக்கும் மின்சாரத்தைக் கழித்தாலும் ஹிமாலயனையே இன்னொரு முறை சுமப்பதற்கு அருகில் வரும். பேட்டரியின் ஒவ்வொரு கிலோவிலும் இப்போதுள்ளதைப் போல இரண்டு மடங்கு ஆற்றல் அடங்கும்போதுதான், மின்சார வண்டியில் தாண்டியிலிருந்து லே வரை போகும் பேச்சை எடுக்க முடியும்.