மூன்று பெருக்கல் குறிகள்

ஆம்ஸ்டர்டாமில் நாலு தெரு நடந்தால் போதும், மூன்று பெருக்கல் குறிகள் கண்ணில் பட ஆரம்பித்துவிடும். கொடியில், நகராட்சிக் கட்டடத்தில், நடைபாதையில் கார் ஏறாமல் தடுக்கும் குட்டை இரும்புத் தூண்களில். சிவப்பு விளக்குப் பகுதியைப் பற்றிக் கேள்விப்பட்டு வரும் பயணிகள் இந்தக் குறிகளை ஆபாசப் படங்களின் முத்திரை என்று எண்ணி ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். பாவம், அவை ஒரு புனிதரின் சிலுவைகள்.

இயேசுவின் சீடர் அந்திரேயா பெருக்கல் குறி வடிவச் சிலுவையில் அறையப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. அவர் மீனவர், ஆம்ஸ்டர்டாமும் மீனவர் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர். நகரச் சின்னத்தில் உள்ள சிவப்புக் கேடயத்தின் நடுவே ஓடும் கறுப்புப் பட்டை அம்ஸ்டெல் ஆறு என்பார்கள். சிலுவைகளோ தீ, வெள்ளம், கொள்ளைநோய் ஆகிய மூன்று ஆபத்துகள் என்பது ஊர்க்கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து ஊர் அம்ஸ்டெல்வேனின் சின்னத்தில் இதே சிலுவைகள் நான்கு! அங்கே நான்காவது ஆபத்து எது? ஒரு காலத்தில் இப்பகுதியை ஆண்ட பெர்சைன் குடும்பத்தின் சின்னத்திலிருந்து சிலுவைகள் வந்திருக்கலாம் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேடயத்தின் மேலுள்ள மகுடத்துக்குக் கதை தேட வேண்டியதில்லை. 1489-இல் புனித ரோமப் பேரரசின் மாக்சிமிலியன் மன்னர் தந்த உரிமை அது. நகரம் அவருக்குத் துணை நின்றதற்கான நன்றிக்கடன். 1578-இல் ஊர் புராட்டஸ்டன்ட் பக்கம் சாய்ந்த பிறகும், கத்தோலிக்கப் பேரரசின் மகுடத்தைக் கழற்றவில்லை. வணிகர்களின் ஊரல்லவா, கௌரவம் தரும் முத்திரையை யார் விடுவார்கள்? இருபுறமும் நிற்கும் சிங்கங்கள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை.

சின்னத்தின் அடியில் ஒரு நாடா, அதில் மூன்று டச்சுச் சொற்கள். வீரம், உறுதி, இரக்கம் என்று தமிழில் சொல்லலாம். அவை வந்த கதை இது: 1941 பிப்ரவரியில், ஊரை ஆக்கிரமித்திருந்த நாஜிகள் யூத ஆண்கள் நானூறு பேருக்கு மேல் பிடித்துச் சென்றார்கள். அதைக் கண்டித்து 25-ஆம் தேதி டிராம்கள் நின்றன, துறைமுகம் நின்றது, வேலைநிறுத்தம் ஊர் முழுக்கப் பரவியது. இரண்டே நாளில் துப்பாக்கியால் அதை அடக்கினார்கள். 1947-இல் அரசி வில்ஹெல்மினா அந்த நாள்களின் நினைவாக இச்சொற்களை நகரத்துக்கு அளித்தார்.

அன்று ஆட்களை வளைத்துப் பிடித்த சதுக்கத்தில் இப்போது ஒரு துறைமுகத் தொழிலாளியின் சிலை நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 25 அன்று அதன் காலடியில் மலர் வைக்க ஊர் கூடுகிறது.