பாலசந்தரின் தொடர்கதைகள்: மேடை, திரை, சின்னத்திரை

இயக்குநர் கே. பாலசந்தரைப் (1930-2014) பற்றி நம் மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகள் பெரும்பாலும் திரைப்படங்களோடு நின்றுவிடுகின்றன. தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கடைசிப் பத்தியில் பெயரளவில் ஓர் இடம் கிடைக்கும். அவருடைய படங்களிலேயே தொடரின் வடிவம் கருக்கொண்டிருந்தது என்று நாம் கருதுவதால், இப்பகுப்பு நமக்கு உடன்பாடன்று.

சென்னை ஏ.ஜி. அலுவலகத்தில் பணியாற்றியவாறே மேடை நாடகம் எழுதிய பாலசந்தர், தம் நாடகமான 'நீர்க்குமிழி'யை 1965இல் படமாக்கி இயக்குநரானார். கதையின் பெரும்பகுதி ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கிறது. 'எதிர்நீச்சல்' (1968) இன்னும் தெளிவான சான்று. பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் செய்யும் வீடு. அங்கே மாடிப்படியின் கீழ் வாழும் மாது. முகமே காட்டாமல் இருமலால் மட்டும் தம் இருப்பை உணர்த்தும் தாத்தா. ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு கிளைக்கதை உண்டு. பிற்காலத்துத் தொடர்களுக்கு இதைவிடப் பொருத்தமான களம் வேறேது?

முடிவுகளைக் கவனித்தால் இவ்வுறவு மேலும் விளங்கும். 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில், திருமணம் கைகூடும் வேளையில் தமையன் கொலையுண்ண, குடும்பச் சுமை மீண்டும் கவிதாவின் தோளிலேயே இறங்குகிறது. அவள் பழையபடி அலுவலகத்துக்குப் புறப்படுகிறாள். படம் முடிகிறது, கதை முடியவில்லை. தலைப்பே அதைத்தான் சொல்கிறது. 'சிந்து பைரவி'யில் (1985) சிந்து தன் குழந்தையைப் பைரவியிடம் ஒப்படைத்துவிட்டு விலகிச் செல்கிறாள். அந்த விலகல் தியாகமா, தண்டனையா என்பதைப் படம் தீர்த்துவைக்கவில்லை.

1990களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனுக்கு 'ரயில் சிநேகம்' இயக்கிய அவர், 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர் 'கையளவு மனசு' போன்ற தொடர்களை அளித்தார். திரையில் அவர்மீது சுமத்தப்பட்ட குறை நாடகத்தன்மை: உரையாடல் மிகுதி, நான்கு சுவர்களுக்குள் நடக்கும் மோதல். முகத்தையும் குரலையும் நம்பி இயங்கும் சின்னத்திரையில் அக்குறையே தகுதியாயிற்று.

2003இல் ஜெயா தொலைக்காட்சியில் வந்த 'சஹானா', 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சி. திறந்துவைத்த கதவின் வழியே இயக்குநரே மீண்டும் உள்ளே சென்ற அரிய நிகழ்வு இது. ஆயினும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. சிந்து ஏன் போனாள் என்ற வினாவோடு அரங்கைவிட்டு வெளியேறிய பார்வையாளருக்கு, போனபின் என்ன ஆயிற்று என்ற விடை அவ்வளவு தேவைப்பட்டதா? இரண்டையும் அருகருகே வைத்து வகுப்பில் விவாதிக்கலாம்.

இக்கருத்துக்கு அடங்காத படமும் ஒன்றுண்டு. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிய 'தண்ணீர் தண்ணீர்' (1981), மேடையிலிருந்து வந்தும் வீட்டுக்குள் ஒடுங்கவில்லை. அதன் வறண்ட நிலமும் நீருக்காக அலையும் ஊரும் பெரிய திரையையே வேண்டி நிற்கின்றன.