கைப்பைக்குள் ஒரு மருந்துப் புட்டி

சென்னைக்குத் தெற்கே, பெருஞ்சாலையின் இரைச்சலிலிருந்து சற்று உள்ளடங்கிய ஒரு தெருவில், ஆட்டிசம் உள்ள வளரிளம் பிராயத்துப் பிள்ளைகளுக்கென்றே நடந்துவரும் சிறிய பள்ளி ஒன்றுக்கு, மாதம் இருமுறை சனிக்கிழமைகளில் நான் வைத்தியனாகப் போய்வருவதுண்டு. முப்பதுக்கும் குறைவான பிள்ளைகள், நான்கு அறைகள், முற்றத்தில் ஒரு வேப்பமரம், இவையே அதன் சம்பத்து. ஜூன் மாதத்துச் சேர்க்கை நடக்கும்போதெல்லாம் நான் காணும் காட்சி ஒன்றுண்டு. பதினைந்தோ பதினாறோ வயதான பிள்ளை வாசற்படியில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும். தாயார் நாற்காலி விளிம்பில் அமர்ந்து, இருபுறமும் பார்த்துக்கொண்டு, கைப்பையைத் திறந்து, எந்த வைத்தியரும் எழுதித் தராத ஒரு மருந்துப் புட்டியை மேஜைமேல் வைப்பார். இவ்வாண்டு அத்தகைய புட்டிகள் அதிகமாகிவிட்டன என்பதே இதை எழுதும்படி என்னை நிர்ப்பந்திக்கிறது.

ஏன் இவ்வளவு தாமதம்?

இரண்டு வயதிலேயே பேச்சு வரவில்லை என்று கவலைப்பட்ட பெற்றோரை, "அவன் மாமாவும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி ஆசுவாசப்படுத்துகிறார். பிறகு பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி என்று சில வருஷங்கள் ஓடுகின்றன. ஐந்தாம் வகுப்பு வரையில், மூலையில் சத்தமின்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைச் சாதாரணப் பள்ளிகள் எப்படியோ சகித்துக்கொள்கின்றன. குரல் உடைந்து, மீசை அரும்பி, அப்பாவின் தோளுக்கு உயர்ந்துவிட்ட அதே பிள்ளை ஒருநாள் பெஞ்சைத் தள்ளிவிட்டானானால், அன்று மாலையே, "வேற ஸ்கூல் பாருங்க" என்ற வார்த்தை வந்துவிடுகிறது. அதன்பின் இரண்டு மூன்று வருஷங்கள் வீட்டுக்குள்ளேயே கழிகின்றன. அந்த வருஷங்களில்தான் புட்டிகள் சேருகின்றன.

இந்தத் திண்டாட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் சிபில் எல்கர் என்ற ஆசிரியை, கல்வி பெற இயலாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஆட்டிசக் குழந்தைகள் சிலரைத் தம் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கத் தொடங்கினார். 1965-இல் அம்முயற்சி ஈலிங் பகுதியில் ஒரு பள்ளியாக வளர்ந்தது. குழந்தைகள் குழந்தைகளாகவே இருந்துவிடவில்லை. அவர்கள் பெரியவர்களானதும் போக்கிடமில்லை என்பதைக் கண்டு, 1974-இல் சாமர்செட் பிரதேசத்தில் அவர்களுக்கென ஓர் உறைவிடத்தையும் அவர் தொடங்க வேண்டியதாயிற்று. குழந்தைப் பருவத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிட்டு வாலிபத்தை மறந்துவிடும் தவறு நம் ஊரில் இன்றைக்கும் தொடர்கிறது.

நாக்கில் தடவியவையும் தலையில் தேய்த்தவையும்

பேச்சு வருவதற்கென்று வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவுகிறார்கள். கோயில் மணியில் ஊற்றி எடுத்த தண்ணீரைப் புகட்டுகிறார்கள். மணித் தண்ணீர் சுத்தமானதாயிருந்தால் அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, நானும் தடுப்பதில்லை. வசம்பின் விஷயம் வேறு: அளவு மிஞ்சினால் வாந்தியும் மயக்கமும் உண்டாகும். பேச்சின் தடை நாக்கில் இல்லாதபோது நாக்குக்குச் செய்யும் சிகிச்சையால் என்ன பிரயோஜனம்? அடிவயிற்றில் சூடு போட்ட தழும்புடன் வந்த பிள்ளையைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

இவற்றினும் அபாயமானது, யாரும் சந்தேகிக்காத கற்பூரத் தைலம். உச்சந்தலை குளிர்ந்தால் கோபம் தணியும் என்று அதை நாள்தோறும் தேய்க்கும் குடும்பங்கள் உண்டு. கற்பூரம் வலிப்பைத் தூண்டவல்ல வஸ்து. உள்ளே போனால் அபாயம் பெரிது, மேலே பூசியும் சிலருக்கு வந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் கணிசமானோருக்கு வலிப்பு நோயும் சேர்ந்திருப்பதும், அது பூப்புப் பருவத்தில் முதன்முறையாகத் தலைகாட்டுவதும் சகஜமாகையால், இந்த வீடுகளில் கற்பூரத் தைலத்துக்கு இடமே இருக்கக்கூடாது.

படித்தவர்களின் மூடநம்பிக்கைகள் விலை உயர்ந்தவை. தடுப்பூசியால் வந்தது என்பார்கள். 1998-இல் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து அவ்வாறு எழுதிய பிரிட்டிஷ் வைத்தியரின் கட்டுரையை, அதை வெளியிட்ட 'லான்செட்' பத்திரிகையே 2010-இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவருடைய பெயர் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு தாமதமாக வந்த அந்தத் தீர்ப்பு இன்னும் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு எட்டவில்லை. உடம்பிலுள்ள உலோகத்தை வெளியேற்றுவதாகச் சொல்லி ஊசி ஏற்றப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் 2005-இல் அமெரிக்காவில் உயிரிழந்தான். ஸ்டெம் செல் சிகிச்சைக்காக நிலத்தை விற்ற தகப்பனாரை நான் அறிவேன். ஆட்டிசத்துக்கு அச்சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் கூறிவிட்டது. நிலம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது.

"ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்" என்பது கடைசி யோசனை. இரண்டு பேருடைய வாழ்வைப் பணயம் வைக்கும் அந்த யோசனைக்கு நான் பதில் சொல்வதில்லை. எழுந்து கையலம்பப் போய்விடுவேன்.

இரவல் மாத்திரை

இனி அந்தப் புட்டிக்கு வருகிறேன். பெரும்பாலும் அது சளிக்கோ பிரயாண வாந்திக்கோ கொடுக்கும், தூக்கம் வரவழைக்கும் ஒரு சிரப். முதல் வாரம் பிள்ளை தூங்குகிறது. பிறகு அளவு ஒரு மூடியிலிருந்து இரண்டு மூடியாகிறது. சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்தைத் தராமல் துடிதுடிப்பை உண்டாக்கும். வலிப்புள்ளவர்களுக்கு மேலும் தீங்கு. தாத்தாவின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. கடுமையான ஆவேசத்தைத் தணிக்க நாங்கள் எழுதித் தரும் ரிஸ்பெரிடோனை, உறவினர் கல்யாணத்தில் மானம் போகக்கூடாது என்று மூன்று நாளைக்கு இரட்டிப்பாக்கிக் கொடுத்த தகப்பனார் ஒருவர், பந்தியில் பிள்ளையின் கழுத்து ஒருபக்கமாக இழுத்துக்கொண்டதும் மண்டபத்திலிருந்து நேரே என்னிடம் ஓடி வந்தார். அம்மருந்து ஆட்டிசத்தை நீக்குவதன்று, எடை கூட்டும், அளவிட்டு, காலமிட்டுக் கண்காணித்துக் கொடுக்க வேண்டியது. அதை மளிகைச் சாமான்போல் வாங்கிவரும் தைரியம் நம்மவர்களுக்கு எங்கிருந்து வந்ததோ!

இடது கன்னம்

சென்ற வருஷம் ஒரு பையன், வாய் பேசாதவன், தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தொடங்கினான். வீட்டில் அமைதி மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் மட்டும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில், அவன் எப்பொழுது அறைந்துகொள்கிறான், அதற்குமுன் என்ன நடந்தது என்று பத்து நாட்கள் குறித்துவைத்திருந்தார்.

"டாக்டர், இவன் இடது பக்கம் மட்டும்தான் அடிச்சுக்கிறான். அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்" என்றார்.

டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை சொத்தை. பல் வைத்தியர் அதை எடுத்த நான்காம் நாள் அறைதல் நின்றது. சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வலி என்பது செய்கையாகவே வெளிப்படும். ஆகவே திடீரென்று சுபாவம் மாறினால் பல், காது, மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மனத்தைப் பாருங்கள்.

சிறிய பள்ளியின் பெருமை அந்த நோட்டில்தான் இருக்கிறது. நூறு பேர் உள்ள வகுப்பறையில் இடது கன்னம், வலது கன்னம் என்று யார் கவனிப்பார்கள்? இங்கே காலையில் ஒவ்வொரு பிள்ளையும், அன்றைய காரியங்களைப் படமாக வரைந்த அட்டைகளைத் தன் பலகையில் வரிசையாக ஒட்டி, முடித்த காரியத்தின் அட்டையைக் கழற்றிப் பெட்டியில் போடுகிறது. அடுத்து வருவது இன்னதென்று தெரிந்துவிடுவதால் பாதிப் பதற்றம் அடங்கிவிடுகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம், பதினான்கு வயது நிறைந்தபின், தனக்கேற்ற பாடங்களைத் தெரிந்தெடுத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவோரும் உண்டு. சமையற்கட்டில் வெங்காயம் உரிக்கவும் பஸ்ஸில் சீட்டு வாங்கவும் மட்டும் பழகுவோரும் உண்டு.

பெண் பிள்ளைகள்

மாதவிலக்கைச் சமாளிக்க முடியாது என்று அஞ்சிக் கருப்பையை அகற்றிவிடும்படி இன்றும் கேட்கிறார்கள். 1994-இல் புனே நகரில் அரசு இல்லத்துப் பெண்கள் சிலருக்கு அவ்விதம் செய்யப்பட்டது நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. உதிரம் நின்றாலும் பெண்ணைத் தீயவரிடமிருந்து அது காக்காது என்பதை யோசியுங்கள். பூப்பெய்துவதற்கு ஆறு மாதம் முன்பே, துணியோ பேடோ அணிந்து நடக்கவும், படம் பார்த்து அதை மாற்றவும் பழக்கினால், பெரும்பாலான பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள். அந்தரங்க உறுப்புகளைப் பிறர் தொடவிடக்கூடாதென்று ஆண் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும்.

பரிசோதனைகள்

காது கேட்கும் திறன், வலிப்புச் சந்தேகம் இருந்தால் மூளை மின்பதிவு, இரும்புச் சத்து, தைராய்டு. இவை போதும், ஆட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.

பெற்றோருக்கு

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ, இலவசக் கல்வி பெறும் உரிமையை அளித்திருக்கிறது. பதினெட்டு முடியுமுன் அடையாள அட்டையையும், தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி காப்பாளர் நியமனம் பற்றிய யோசனையையும் முடித்துக்கொள்ளுங்கள். பதினைந்தில் வரும் பிள்ளைக்கு மூன்றே வருஷம் மிஞ்சுகிறது. அதில் முதல் வருஷம் புட்டிகளிலிருந்து விடுவிக்கவே போய்விடுகிறது. பதினொரு வயதில் வாருங்கள், அம்மா; பத்தில் வந்தாலும் நல்லது. சாதாரணப் பள்ளியில் பிள்ளை சௌகரியமாக இருந்தால் அங்கேயே இருக்கட்டும், ஆனால் பூப்புப் பருவத்துக்கு முன் ஒருமுறையேனும் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். வரும்போது, கைப்பையில் உள்ள புட்டிகளை ஒன்று விடாமல் கொண்டுவாருங்கள். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.