மாத்திரையைத் தின்றது எந்தக் குரங்கு?

வாழைப்பழத்தைக் கீறிக் குடற்புழு மாத்திரையை உள்ளே வைத்துக் கொடுத்தால் உயிரியல் பூங்காக் குரங்கு என்ன செய்யும்? பழத்தைப் பிட்டு, முகர்ந்து, மாத்திரையை விரலால் நோண்டி எறிந்துவிட்டு மீதியைத் தின்னும். அமீபாவுக்குத் தரும் மெட்ரோனிடசோல் என்றால் கேட்கவே வேண்டாம், அப்படிக் கசக்கும். தேனில் குழைத்தாலும் கண்டுபிடித்துவிடும்.

ஏமாந்து தின்றாலும் சிக்கல் தீராது. சிங்கவால் குரங்குக் கூட்டத்தில் முதல் கை தலைவனுடையது. பொதுத் தட்டில் மருந்து வைத்தால் ஐந்தாறு பேர் பங்கும் அதன் வயிற்றுக்கே போகும். ஒதுங்கி நிற்கும் குட்டிக்கும் தாய்க்கும் ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் இரவுக் கூண்டில் தனித்தனியாகப் பிரித்து, காப்பாளர் கையால் ஊட்டுகிறார்கள். எது யாருடைய சாணம் என்று தெரிய, தீனியில் உணவுச் சாயமோ தின்னத்தக்க மினுக்குத் தூளோ கலப்பதும் உண்டு.

சாணத்தைக் கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கினால் புழு முட்டைகள் மேலே மிதந்து வரும். மைக்ரோஸ்கோப்பில் பீப்பாய் வடிவம், இரு முனையிலும் அடைப்பு தெரிந்தால் சாட்டைப்புழு. முட்டை தினமும் வெளியேறாது. ஒரு நாள் சோதனையில் ஒன்றுமில்லை என்றால் நம்பக்கூடாது.

புழு மருந்தான ஃபென்பெண்டசோலை உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் குறைந்தது மூன்று நாள் கொடுப்பது வழக்கம். குடலில் உள்ள புழு செத்துவிடும். மண்ணில் கிடக்கும் முட்டை சாகாது. ஈரமும் நிழலும் இருந்தால் வருடக்கணக்கில் கிடக்கும், சாதாரண கிருமிநாசினிக்கு மசியாது. குரங்கு அந்த மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கும், மூன்று மாதத்தில் பழைய கதை. சிமெண்ட் தரையைக் கொதிநீராவியில் கழுவலாம், மேல்மண்ணை வெட்டி மாற்றலாம். முட்டைக்குப் பயந்து, மண்தரையை விட்டு மறுபடி வெறும் சிமெண்ட் கூண்டுக்கே போவது தீர்வல்ல. புல்லும் மரமும் இல்லாத குரங்கு வேறு விதத்தில் நோயாளி ஆகிவிடும்.

இலைதின்னிகளான நீலகிரி கருமந்தி போன்றவற்றின் விஷயம் இன்னும் கடுமை. மற்ற குரங்குகளில் சத்தமில்லாமல் குடியிருக்கக்கூடிய சீதபேதி அமீபா, இவற்றின் பல அறை கொண்ட இரைப்பையையே அரித்து உயிரைக் குடிக்கும். எனவே கருமந்திக் கூண்டுக்குத் தனித் துடைப்பம், தனி வாளி வேண்டும். காப்பாளருக்கும் மலப் பரிசோதனை வேண்டும்.

இந்த அமீபா மனிதர் குடலிலும் வாழ்வது. கழுவாத கை வழியாகவும் தொற்றும். பூங்காவுக்குப் போகிறவர்கள் கடித்த பிஸ்கட்டையோ பாதிப் பழத்தையோ கம்பிக்குள் எறியாதீர்கள்.