பழைய மருந்தும் புதிய வியாதியும்

புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடித்து, அதனை முதலில் பிராணிகளிடமும் பிறகு மனிதரிடமும் படிப்படியாகச் சோதித்து, மருந்துக் கடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குப் பத்து வருஷங்களுக்கு மேலும் ஆகக்கூடுமாகையால், முன்பின் அறியாத வைரஸ் ஒன்று திடீரென்று பரவி ஜனங்களை வீழ்த்தத் தொடங்கும்போது, வைத்தியர்களின் கை பழைய மருந்துகளை நோக்கியே நீளுகிறது. அவற்றைக் கொடுக்க வேண்டிய அளவு தெரியும். பக்க விளைவுகள் தெரியும். செய்து தரும் தொழிற்சாலைகளும் ஏற்கெனவே உண்டு. தெரியாதது, இந்த வியாதிக்கு அந்த மருந்து பலிக்குமா என்பதுதான்.

பலித்ததுண்டு. 1964-இல் அமெரிக்காவில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்னும் ரசாயன விஞ்ஞானி புற்றுநோய்க்கென்று தயாரித்து, எலிகளிடம் பிரயோஜனம் காணாமல் கைவிட்ட ஒரு பொருளை, இருபது வருஷங்களுக்குப் பின் எய்ட்ஸ் வைரஸின்மேல் சோதித்தார்கள். 282 நோயாளிகளை இரு பிரிவாக்கி நடத்திய பரிசோதனையில், வெறும் மாத்திரை உண்டவர்களில் 19 பேரும், மருந்து உண்டவர்களில் ஒருவரும் மாண்டார்கள் என்று தெரிந்தவுடன், பரிசோதனையை அத்துடன் நிறுத்தி எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். 1987-இல் எய்ட்ஸுக்கு அங்கீகாரம் பெற்ற முதல் மருந்தான ஸிடோவுடின் அதுவே.

2020-இல் கொரோனா வந்தபோது உலகத்தின் நம்பிக்கை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்மேல் விழுந்தது. மலேரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் நெடுங்காலமாக வழங்கிவரும் இம்மருந்து, ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களுக்குள் வைரஸ் புகுவதைத் தடுத்தது உண்மை. அந்த உயிரணுக்களில் வைரஸ் உட்புக அமிலம் நிறைந்த நுண்பைகளின் வழியாகவே செல்ல வேண்டும். மருந்து அந்த அமிலத்தைக் குறைத்துவிடும். ஆனால் மனிதனின் சுவாசகோச உயிரணுக்களின் மேற்புறத்தில் உள்ள ஒரு நொதியின் உதவியால் வைரஸுக்கு வேறொரு மார்க்கம் திறந்திருக்கிறது. அங்கே அமிலம் குறைந்தாலென்ன, கூடினாலென்ன? இது பின்னால் தெளிந்த விஷயம். அதற்குள் பல தேசங்கள் அம்மருந்தைச் சிபாரிசு செய்துவிட்டன. நம் நாட்டிலும் மார்ச் மாதத்திலேயே, நோய் வராமல் காக்கும் பொருட்டு மருத்துவப் பணியாளர்களுக்கு அது சிபாரிசு செய்யப்பட்டது. நித்தம் அதை நம்பி வாழ்ந்த வாத நோயாளிகள்தாம் கடை கடையாக அலைந்தார்கள்.

அவசரப்பட்டவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். கண்முன்னே மூச்சுத் திணறுகிறவரைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருக்க எந்த வைத்தியருக்கும் மனம் வராது. ஆயினும், பெரும்பாலோர் தாமாகவே குணமாகிவிடும் ஒரு வியாதியில், மருந்து கொடுத்த பின் பிழைத்தவரையெல்லாம் மருந்தால் பிழைத்தவர் என்று எண்ணிவிடுவது எத்தனை சுலபம்! யாருக்கு மருந்து என்பதை வைத்தியரே தேர்ந்தெடுத்தால், அவருடைய இரக்கமும் நம்பிக்கையும் அறியாமலே கணக்கில் புகுந்துவிடுகின்றன. ஆகையால், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் நோயாளிகளைப் பிரித்து, ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சையுடன் மருந்தையும், மறு சாராருக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் அளித்து, இரு பக்கத்து மரணங்களையும் எண்ணிப் பார்ப்பதைத் தவிர நிச்சயமான வழி வேறில்லை. கேட்பதற்குக் கடுமையாக இருக்கும். ஆனால் பலனறியாத மருந்தை எல்லோருக்கும் கொடுப்பதும் பரிசோதனையே. ஒன்றும் கற்றுத் தராத பரிசோதனை என்பதே வித்தியாசம்.

இந்தக் கடுமையான வழியைத் துணிந்து மேற்கொண்டவர்கள் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே ஆகியோர். ‘ரெகவரி’ என்று பெயரிட்டு அவர்கள் 2020 மார்ச்சில் தொடங்கிய பரிசோதனையில், மூன்றே மாதங்களில் பிரிட்டனின் 175-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளிலிருந்து 11,500-க்கும் அதிகமான நோயாளிகள் சேர்ந்தார்கள். தமக்கு மருந்து கிடைக்குமோ கிடைக்காதோ என்று அறியாமலே, நோய்ப் படுக்கையில் கிடந்தபடி சம்மதம் தெரிவித்த அந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

ஜூன் மாதத்தில் விடை வந்தது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெற்றவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 27 பேர். பெறாதவர்களில் 25 பேர். அதாவது, நன்மை ஏதும் இல்லை. ஆனால் டெக்ஸாமெதசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டர் கருவியின் உதவியால் சுவாசித்தவர்களிடையே மரணத்தை நூற்றுக்கு 41-லிருந்து 29 ஆகக் குறைத்தது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் வழங்கிவரும் அந்த மருந்துக்கு வைரஸைக் கொல்லும் சக்தி கிடையாது. வியாதி முற்றிய நிலையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே வரம்பு மீறிச் சுவாசகோசத்தைப் புண்ணாக்குகிறது. ஸ்டீராய்டு அந்தக் கொந்தளிப்பை அடக்குகிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் வைரஸ் பெருகிவிடுமே என்ற நியாயமான அச்சத்தால், அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார ஸ்தாபனம் ஆரம்பத்தில் ஆலோசனை சொல்லியிருந்தது. நம்பிய மருந்து கைவிட்டது. அஞ்சிய மருந்து காப்பாற்றியது.

அதே பரிசோதனை இன்னொன்றையும் சொல்லிற்று: ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு டெக்ஸாமெதசோனால் நன்மை இல்லை, தீங்கு நேரவும் கூடும். மருந்தின் பெயர் பரவிய வேகத்தில் இந்த நிபந்தனை பரவவில்லை. பழைய அவசரமும் மீண்டும் தலைதூக்கியது. 2021-இன் இரண்டாம் அலையில், எபோலா நோய்க்கு முயன்று பார்க்கப்பட்டதும், இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிசோதனையில் தென்படாததுமான ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் உறவினர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அதே அவசரத்தில், நாட்டின் பல பகுதிகளில், காய்ச்சல் கண்ட ஆரம்ப நாட்களிலேயே, நீரிழிவு உள்ளவர்களுங்கூட, வீட்டிலிருந்தபடியே ஸ்டீராய்டு மாத்திரைகளை விழுங்கினார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறி, எதிர்ப்புச் சக்தி தணிந்த அந்தத் தேகங்களில்தான் கருப்புப் பூஞ்சை நோய் எளிதில் வேரூன்றியது. மூக்கின் வழியே கண்ணுக்கும் மூளைக்கும் பரவக்கூடிய அந்நோயிலிருந்து உயிரைக் காக்கும் பொருட்டு, பலருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று.