காலுக்கேற்ற பிரேக்

கால் அசையாதவர்களுக்காகப் பட்டறையில் மாற்றப்படும் பிரேக் பெடல் ஒரு புது வாழ்க்கையைத் திறந்துவிடுகிறது. அளவு தவறினால் அதுவே எமனாகிறது. சட்டம் வழிவிட்ட பிறகும், அளவெடுப்பது பல இடங்களில் மெக்கானிக்கின் கண்ணை நம்பித்தான்.

தில்லியின் கரோல் பாக். மோட்டார் சைக்கிள் பாகங்கள் கடை கடையாகத் தொங்கும் சந்துகள். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது சத்தமான சைலன்சர், அகலமான ஹேண்டில்பார், கண்ணைப் பறிக்கும் விளக்கு. இவர்களுக்கு நடுவே எப்போதாவது வேறு மாதிரி வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். வலது காலில் தொடை வரை இரும்பு காலிபர். அவருக்குச் சத்தமும் வேண்டாம், பளபளப்பும் வேண்டாம். பிரேக் பெடல் இரண்டு அங்குலம் நீளமாகவும் கொஞ்சம் அகலமாகவும் இருந்தால் போதும்.

சென்னை புதுப்பேட்டையிலும், பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும், ஏதோ ஒரு சிற்றூரின் பஸ் நிலையம் பின்னாலுள்ள பட்டறையிலும் இதே கோரிக்கை வருகிறது. செய்யும் விதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓர் இரும்புப் பட்டை அளவுக்கு வெட்டப்படுகிறது. வெல்டிங் பொறி பறக்கிறது. அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது. அந்தப் பெடலுக்கு உண்மையான பரீட்சை, சாலையில் யாராவது குறுக்கே ஓடிவரும் அன்றைக்குத்தான்.

இப்படி வருகிறவர்களில் பலர் போலியோ தலைமுறையைச் சேர்ந்தவர்கள். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் பதிவானது. 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாகச் சான்று பெற்றது. நோய் போய்விட்டது. ஆனால் அது சூம்ப வைத்த கால்களோடு வளர்ந்தவர்கள் இன்று நடுத்தர வயதில் அலுவலகத்துக்கும் கடைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. சாலை விபத்தில் காலை இழந்தவர்களும் சர்க்கரை நோயால் பாதத்தைப் பறிகொடுத்தவர்களும் இந்த வரிசையில் சேர்கிறார்கள். பஸ் படிக்கட்டு இவர்களுக்கு எட்டாத உயரம். தினமும் ஆட்டோ வைத்தால் சம்பளம் தாங்காது. சொந்த வண்டி ஒன்றுதான் வழி.

எந்தக் காலில் பிரேக்?

பிரேக் பெடல் வலது காலில்தான் இருக்க வேண்டும் என்பது இயற்கையின் விதியல்ல. சென்னைத் திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டில் பல பத்தாண்டுகள் கியர் வலது காலில் இருந்தது, பிரேக் இடது காலில் இருந்தது. 2000-க்குப் பிறகுதான் படிப்படியாக மற்ற வண்டிகளைப் போல மாறியது. பழைய புல்லட்டில் கைதேர்ந்தவர் நண்பரின் வண்டியை ஓட்டும்போது பிரேக் என்று நினைத்து கியரை மிதித்த கதைகள் ஏராளம். நல்ல கால்களுக்கே இப்படி என்றால், கட்டளைக்குக் கட்டுப்படாத காலின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

கம்பெனி தரும் பெடல், கணுக்கால் வளையும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டது. குதிகால் ஃபுட்ரெஸ்ட் மேல் இருக்க, முன்பாதம் மட்டும் கீழே சாயும். காலிபர் அணிந்தவருக்கோ கணுக்கால் வளையாது. அவர் தொடையிலிருந்து முழுக் காலையும் தூக்கி, முன்னே கொண்டுபோய், மேலிருந்து அழுத்த வேண்டும். அதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. அரை விநாடி தாமதம் என்பது ஐந்தரை மீட்டர். இரண்டு ஆட்டோக்களை முன்னும் பின்னுமாக நிறுத்தும் தூரம் அது.

செயற்கைக் கால் பொருத்தியவருக்குச் சிக்கல் வேறு. பெடல் மேல் பாதம் இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாமலே பாதம் பெடலில் சாய்ந்திருந்தால் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும். டிரம் சூடேறும், லைனிங் வழவழப்பாகி இறுகிப்போகும், அவசரத்தில் பிடிக்க வேண்டிய பிரேக் வழுக்கும். இவருக்கு நீளமான பெடலைவிட, பாதம் நகராமல் பக்கவாட்டில் தடுக்கும் ஒரு சிறு விளிம்பும், குதிகாலுக்கு ஒரு முட்டும் முக்கியம்.

ஆக, எல்லோருக்கும் ஒரே பெடல் ஒத்துவராது. செருப்பைக்கூட அளவு பார்த்து வாங்குகிறோம். உயிரைக் காக்கும் பெடலுக்கு அளவு வேண்டாமா?

நீளம் தரும் பலம், கேட்கும் விலை

பெடல் என்பது ஒரு நெம்புகோல். உதாரணத்துக்கு ஒரு டிரம் பிரேக்கை எடுத்துக்கொள்வோம். பெடல் சுழலும் அச்சிலிருந்து கால் அழுத்தும் இடம் 200 மி.மீ. தூரம், பிரேக் ராடு இணையும் இடம் 40 மி.மீ. தூரம் என்றால், காலின் பலம் ஐந்து மடங்காகிறது. 10 கிலோ அழுத்தினால் ராடு 50 கிலோ விசையில் இழுபடும். பெடலை 60 மி.மீ. நீட்டினால் பெருக்கம் ஆறரை மடங்கு. அதே 10 கிலோ இப்போது 65 கிலோ ஆகிறது. பலம் குறைந்த காலுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் நெம்புகோல் எதையும் இலவசமாகத் தராது. ராடு 10 மி.மீ. நகர, முன்பு கால் 50 மி.மீ. கீழே போனால் போதும். இப்போது 65 மி.மீ. போக வேண்டும். வளையாத கால் அவ்வளவு தூரம் எட்டுமா, அதற்குள் பெடல் ஃபுட்ரெஸ்டிலோ சைலன்சரிலோ முட்டுமா என்பதை முதலிலேயே பார்த்தாக வேண்டும். பெடலைப் பக்கவாட்டில் தள்ளிப் பொருத்தினால் இன்னொரு வம்பு. அழுத்தும்போதெல்லாம் அச்சு முறுக்கப்படும். சில மாதங்களில் புஷ் தேய்ந்து பெடல் ஆடத் தொடங்கும்.

பெடல் பிடிக்கத் தொடங்கும் முன் உள்ள வெற்று அசைவை மெக்கானிக்குகள் ‘பிளே’ என்பார்கள். டிரம் பிரேக் உள்ள பல மோட்டார் சைக்கிள்களின் கையேடுகள் இது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கட்டும் என்கின்றன. காலுக்கு எட்டவில்லை என்பதற்காக அட்ஜஸ்டர் நட்டை இறுக்கி இந்தப் பிளேயை அடியோடு எடுத்துவிடுவது பரவலான தவறு. பிரேக் விடாமல் உரசும். எட்டும் உயரத்தைப் பெடலின் வடிவத்தில் கொண்டுவர வேண்டும், நட்டில் அல்ல.

டிஸ்க் பிரேக்கில் இந்தத் தவறு இன்னும் மோசம். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் துளி இடைவெளி இல்லாவிட்டால், எண்ணெய் திரும்பிப் போகும் துளை அடைபடுகிறது. ஓட ஓடச் சூடேறும் எண்ணெய் விரிய இடமில்லாமல் பிரேக்கைத் தானாகவே இறுக்குகிறது. கால் படாமலே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம்.

அடுத்து வெல்டிங். பெடல் சுழலும் அச்சுக்கு அருகில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்து உலோகத்தின் குணம் மாறிவிடும். வெளியே பார்க்க உறுதியாக இருக்கும், உள்ளே விரிசல் வளரும். பழைய பெடலை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் ஒரு தகட்டை இரண்டு போல்ட்டுகளால் இறுக்குவது நல்லது. ஒரே போல்ட் என்றால் தகடு சுழலும். அதிர்வில் கழலாத நைலான் நட்டு வேண்டும். ராடு இணையும் பின்னில் காட்டர் பின் போட்டதா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். தகட்டின் மேல்பரப்பு மழையில் வழுக்காதபடி சொரசொரப்பாக இருக்க வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புதிய இரு சக்கர வண்டிகளில் ஏ.பி.எஸ். அல்லது சி.பி.எஸ். கட்டாயம். சி.பி.எஸ். உள்ள மோட்டார் சைக்கிளில் பெடலை மிதித்தால் பின்பிரேக்கோடு முன்பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். கால் பலவீனமானவருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் இந்த வண்டியில் பெடலை நீட்டினால் முன்சக்கரத்துக்குப் போகும் பங்கும் கூடவே கூடுகிறது. முன்போல் பின்சக்கரத்தை மட்டும் கணக்கில் வைத்து மாற்றினால், ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கும் அபாயம் உண்டு.

மூன்றாவது சக்கரம்

கால்கள் இரண்டுமே ஒத்துழைக்காதவர்களுக்குக் கியரில்லாத ஸ்கூட்டர் கைகொடுத்தது. 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டாவும், 2001-ல் வந்த ஹோண்டா ஆக்டிவாவும் இரண்டு பிரேக்கையும் கைக்குக் கொண்டுவந்தன. பின்னால் இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்தினால் வண்டியைச் சாயாமல் நிறுத்தக் கால் ஊன்ற வேண்டியதில்லை. தமிழக அரசு இத்தகைய ஸ்கூட்டர்களை மாற்றுத்திறனாளிகளுக்கு விலையின்றி வழங்குகிறது.

இங்கேயும் பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல இணைப்புகளில் பக்கச் சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. பின்னால் பிரேக் பிடிப்பது நடுச் சக்கரம் ஒன்றே. முன்பு அந்தச் சக்கரம் தாங்கிய எடையில் ஒரு பகுதியை இப்போது பக்கச் சக்கரங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. எடை குறைந்தால் பிடிப்பும் குறையும். பள்ளமான இடத்தில் பக்கச் சக்கரங்கள் மேட்டில் நிற்க, நடுச் சக்கரம் அந்தரத்தில் சுழல்வதும் உண்டு. அந்த நொடியில் பின்பிரேக் இருந்தும் இல்லாததுதான். பக்கச் சக்கரங்களுக்குத் தனி ஸ்பிரிங் இருக்கிறதா, நடுச் சக்கரம் எப்போதும் தரையை அழுத்துகிறதா என்று பார்ப்பது ஓட்டுபவரின் உரிமை, கடமையும்கூட.

ஒரு கையும் பலவீனமானவருக்கு நிலைமை தலைகீழ். ஒரு கை லீவரைக் கால் பெடலுக்கு இறக்க வேண்டும். கேபிள் மடங்காமல் வளைந்து போக வேண்டும், ஹேண்டிலை முழுதாகத் திருப்பினாலும் இழுபடக் கூடாது. முன்பிரேக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு அதனுடையது.

சட்டத்தின் கதவு

1988 மோட்டார் வாகனச் சட்டம் உடல் குறையுள்ளவரின் வண்டிக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தது. அது தனியாக வடிவமைத்துக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது. நாட்டில் ஓடியவையோ பெரும்பாலும் மாற்றியமைத்த வண்டிகள்தான்! 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது.

அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் பழைய விளக்கத்தை எடுத்துவிட்டு ‘மாற்றியமைக்கப்பட்ட வாகனம்’ என்ற புதிய வகையைக் கொண்டுவந்தது. உடல் குறையுள்ளவருக்காக, விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சொந்த வண்டியை மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. மாற்றம் பதிவுச் சான்றிதழில் ஏற வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் விபத்துக்குப் பின் இழப்பீட்டில் சிக்கல் வரலாம்.

சட்டம் திறந்தது கதவை மட்டும்தான். ஒருவரின் கால் எவ்வளவு தூரம் எட்டும், எத்தனை கிலோ அழுத்தும் என்று அளந்து சொல்லக் காலிபர் செய்பவருக்கும் தெரியும், பிசியோதெரபிஸ்டுக்கும் தெரியும். பெடல் எப்படி வேலை செய்கிறது என்று மெக்கானிக்குக்குத் தெரியும். இவர்கள் சந்தித்துக்கொள்வது அரிது. காலிபரைத் தருமிடத்திலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் இந்த இரண்டு எண்களை எழுதிக் கொடுத்தால், பட்டறையில் ஊகத்துக்கு இடமிருக்காது.

அதுவரை, மாற்றிய பெடலை ஓட்டுபவரே பரீட்சித்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். பெடலை விட்டதும் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். பிறகு ஆளில்லாத மைதானத்தில் 10, 20, 30 கி.மீ. வேகங்களில் பத்துப் பத்து முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். டிரம்மைத் தொடாமல் அருகில் கை வைத்து, சூடு அதிகமா என்று கவனிக்க வேண்டும். முதல் வாரம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும்.

கடைசியாக, பலர் மறந்துபோகும் ஒன்று. பழைய பெடலோடு ஒரு சிறிய ஸ்பிரிங் இணைந்திருக்கும். பெடலை மிதித்ததும் பின்னால் சிவப்பு விளக்கை எரிய வைப்பது அதுதான். மாற்றும் அவசரத்தில் அது கழன்று தொங்கிக்கொண்டிருக்கும். யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு ஒரு முறை பெடலை அழுத்திப் பாருங்கள். நீங்கள் நிற்கப் போவது பின்னால் வரும் லாரிக்காரருக்கும் தெரிய வேண்டும் அல்லவா?