கறுப்பு ஓல்முக்கு வந்த ஆபத்து

ஸ்லோவேனியாவின் தென்கிழக்கில் பேலா கிராயினா என்றொரு வட்டாரம். அங்கே சுண்ணாம்புப் பாறைக்குள் ஓடும் நிலத்தடி நீரில் வாழ்கிறது கறுப்பு ஓல்ம், தவளைக்குத் தூரத்து உறவான ஒரு சாலமாண்டர். 1986இல்தான் கண்டறிந்தார்கள், உலகில் வேறெங்கும் இல்லை.

மேலே வயலில் இடும் உரமும் சாணக்கரைசலும் மண்ணில் வடிகட்டப்படாமலே, மழைநீரோடு பாறை வெடிப்புகள் வழியே விறுவிறுவென இறங்கிவிடுகின்றன. நீரில் நைட்ரேட் ஏறுகிறது. செவுளாலும் தோலாலும் மூச்சுவிடும் இந்தப் பிராணி பாவம், எங்கே ஒதுங்கும்? அதன் உறவான வெள்ளை ஓல்ம் முட்டையிடுவதே சராசரியாக 12.5 ஆண்டுக்கு ஒருமுறைதான். குறைந்த எண்ணிக்கை எளிதில் மீளாது. அந்த நிலத்தடி நீர் ஊர்மக்களுக்குக் குடிநீரும்கூட.